சாவிக்கொத்தும் ரிமோட்டும்

உங்கள் கண்ணெதிரே ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் உங்கள் கை முதலில் எதைத் தேடும்? உண்மையைச் சொல்லுங்கள். சாவிக்கொத்தைத்தானே?

வண்டியூருக்குக் கிழக்கே, வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கும் ஒரு தெருவில், சின்னானின் கையும் அதைத்தான் தேடியது. மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்த தம்பி மகள் பவதாரிணி சரிந்து விழுந்தாள்; கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அவள் விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்திப் பிடித்தார் அவர். இழுப்பு நின்றது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது.

போன மாதமும் இப்படித்தான் விழுந்தாள். இந்த முறை சின்னான் தாமதிக்கவில்லை. மொக்கைச்சாமியின் ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்துவிட்டார்.

"காத்துக் கருப்புதான். ஒரு மண்டலம் கோயில்ல கெடக்கட்டும். சாமியாடிகிட்டப் பேசிட்டேன்."

ஒரு மண்டலம் என்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு போயிற்று. தேர்வாவது பரவாயில்லை; அந்தக் கோயிலில் தலைவிரித்த பெண்களைச் சாட்டையால் அடித்ததைத் தாய் முருகம்மாள் கண்ணால் பார்த்தவள். ஆனால் கணவனின் அண்ணனை எதிர்த்து அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கணவனோ லாரியோடு நாக்பூர்ப் பக்கம் இருந்தான். வீட்டின் ஒரே நல்ல போனும் அவனிடம்தான். அவளிடம் இருந்தது பட்டன் போன்.

மகள் பாயில் அயர்ந்து கிடக்க, முருகம்மாள் ரிமோட்டை எடுத்தாள். மகள் பாடம் பார்க்க இணையம் இழுத்த டிவி அது.

"பிள்ள கெடக்குற கெடையில ஒனக்கு நாடகம் கேக்குதோ?" என்றாள் சின்னானின் மனைவி பாண்டீஸ்வரி.

முருகம்மாள் பொத்தானை அமுக்கினாள். திரையில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக விரிந்தன. அம்புக்குறியை அமுக்கினால் ஒரு கட்டம் நகரும். முதலில் 'வ' விழுந்தது.

"வடை சுடப் போறா போல" என்றாள் பாண்டீஸ்வரி.

கட்டம் தாண்டிப் போய்விட்டது. அழித்தாள். மறுபடி நகர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே மொக்கைச்சாமியும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கடைசி எழுத்தும் விழுந்தது. வலிப்பு. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். பேய் என்றால் ஓட்டிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். வலிப்பு என்றால் பெண் கேட்டு யார் வருவார்? இந்தக் கணக்குக்காகத்தான் நம் ஊரில் எத்தனையோ பெண்கள் சங்கிலியில் கிடந்தார்கள்.

தேடலில் முதலில் வந்தது ஒரு தாயத்துக் கடை. சின்னான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா, டிவியே சொல்லுது."

இணையத்திலும் பூசாரி உண்டு. முருகம்மாள் கீழ் அம்பை அமுக்கினாள். ஒரு நரம்பு டாக்டர் எழுதிய பக்கம் திறந்தது. சுவரின் பாதியை அடைத்த எழுத்தில் எல்லாரும் படித்தார்கள்: இது மூளையில் வரும் நோய். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது தானாகவே நிற்கும். மருத்துவரிடம் காட்டி மாத்திரை எடுத்தால் பலருக்குக் கட்டுப்படும்.

போனில் படித்துச் சொல்லியிருந்தால் அது அவள் எதிர்த்துப் பேசியதாகியிருக்கும். இப்போது படித்தது அந்த வீடே.

"நாந்தானே சாவி குடுத்தேன். நின்னுச்சுல்ல?"

முருகம்மாள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "கொடைய மடக்குனதாலயா மாமா மழை நிக்குது?"

பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"மேல இருந்தவன் தாயத்து விக்கிறான். இந்த டாக்டரு எதையும் விக்கலையே. ஆஸ்பத்திரிக்குப் போன்னுதானே சொல்றாரு. பிள்ள கையப் பாருங்க மாமா."

சின்னான் பார்த்தார். கிழிந்த உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மொக்கைச்சாமி, பெரியாஸ்பத்திரிக்கு விடு. கோயிலுக்கு அப்புறம் போய்க்கிருவோம்."

கோயிலுக்கு இன்னும் போகவில்லை. பவதாரிணி மாத்திரை போட்டுக்கொண்டு தேர்வெழுதினாள். சாமியாடியைப் பற்றிப் பேச்சு வந்தால் சின்னான் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது இப்படி விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை இன்றே உங்கள் வீட்டில் எல்லாரும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டுங்கள்.