ஏழு இருபது பஸ்ஸின் இறையாண்மை

போன வியாழக்கிழமை என் மகளின் மடியில் கண்ணாடிச் சில்லுகள் கொட்டின. இன்னும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. நல்லவேளை, நான் மாதாமாதம் எழுதும் இந்தப் பக்கம் அச்சில் வருகிறது. கையெழுத்தில் வந்தால் உங்களால் படிக்க முடியாது.

மகள் சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கிறாள். அன்று சர்வதேச உறவுகள் பரீட்சை. கடலூரிலிருந்து ஏழு இருபது பஸ்ஸில் தினமும் தனியாகப் போகிறவள்தான். பரீட்சை நாளில் மட்டும் நானும் போவேன். எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து பதற்றப்படத்தான்.

ஏழு இருபதின் முதலாளிக்கு இருப்பது அந்த ஒரு பஸ்தான். அவரே டிரைவர். அடுத்த பஸ் ஏழு இருபத்தைந்து — பெரிய கம்பெனி. எது எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று பெர்மிட்டில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால்? பின்னால் கிளம்பும் பெரிய பஸ் முந்திப்போய், வழியில் நிற்கும் ஜனங்களை அள்ளிக்கொள்ளும்.

செம்மங்குப்பம் தாண்டியதும் பின்னால் ஹாரன். டிரைவருக்குப் பின்சீட்டில், ஜன்னலோரம் மகள் நோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "எல்லா நாடுகளும் சமம். சிறியது, பெரியது என்ற பேதமில்லை…"

பெரிய பஸ் எங்களை உரசியது. பக்கக் கண்ணாடி சிதறி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எங்கள் பஸ் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து… நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பள்ளம். மகளுக்குக் கன்னத்தில் ஒரு கீறல். எனக்கு உயிர் எங்கே போய் வந்தது என்று தெரியாது.

டிரைவர் ஒருவழியாக ரோட்டில் ஏற்றி ஓட்டிவந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஞ்சாயத்து. ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு விசிலோடு டைம் கீப்பர். அந்த ஸ்டாண்டின் உலக சபை அவர்தான்.

"டைம் என்னோடது சார்! எங்க வந்து ஒரசிட்டுப் போறான் பாருங்க!" என்றார் எங்கள் டிரைவர்.

டைம் கீப்பர் ஆழ்ந்த கவலை தெரிவித்தார். பிறகு தீர்மானம் வந்தது. "அவுங்களுக்குப் பதினாறு பஸ்ஸு ஓடுது மச்சான். உனக்கு ஒண்ணு. நீதான் கொஞ்சம் அனுசரிச்சிப் போவணும்."

பெரிய பஸ் டிரைவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "நானா ஒரசுனேன்? அவன்தான் என் பக்கமா ஒடிச்சிட்டு வந்தான். நான் என் வண்டியக் காப்பாத்திக்கிட்டேன்."

தற்காப்பு! அடுத்த நாட்டுக்குள் படையோடு நுழைகிறவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்? அவர்கள் கோட் போட்டிருப்பார்கள். இவர் காக்கி.

எங்கள் டிரைவர் என்னிடம் வந்தார். "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதித் தரப் போறேன். பாத்தவங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணும். யக்கா, படிச்சவங்க நீங்க… போடுங்க."

போன மாதம் இதே பக்கத்தில் சட்டத்தின் ஆட்சி பற்றி முழங்கியவள் நான். ஆனால் பதினாறு பஸ். அதே ரோட்டில் தினமும் என் பெண்.

"பொண்ணுக்குப் பரீட்சைக்கு நேரமாவுதுங்க" என்றேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பரீட்சை பத்து மணிக்கு.

வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் நழுவும் குட்டி நாடுகளை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! அவற்றுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கும் போலிருக்கிறது.

"பேனாவக் குடும்மா" என்றாள் மகள். பரீட்சைக்கென்று வாங்கிய புதுப் பேனா. கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயர் எழுதினாள். விலாசமும் எழுதினாள் — கதவு எண்ணோடு!

"விலாசம் எதுக்குடி?"

"சின்னது பெரிசு எல்லாம் சமம்னுதாம்மா உள்ள போயி மார்க்குக்கு எழுதப் போறேன். இங்க போடாம அங்க மட்டும் எழுதுனா வெக்கமா இருக்காது?"

மிச்சப் பரீட்சைகளுக்கும் ஏழு இருபதில்தான் போகிறோம். ஜன்னலோரம் இப்போது நான். டிரைவர் அந்தக் காகிதத்தைத் தன் கண் முன்னால், முன்கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறார். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. வாய் திறந்து அவர் மறுபடி கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நாளை அந்த இடத்தில் போட்டுவிடுகிறேன். விலாசம்? அதைத்தான் மகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டாளே!