தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள்

1. உடைந்த பல்

கண்டி வேர்க்‌ஷொப்பில் சேர்ந்த முதல் வாரமே மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியிலிருந்து அழைப்பு. கொழுந்து அரைக்கும் ரோலர் ஒன்றின் கியர்பொக்ஸ் வெடித்துவிட்டதாம். டிப்ளோமா முடித்த சூடு; எனக்குச் சந்தோஷம்தான். போய்ச் சேரும்வரை.

கியர்பொக்ஸ் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. உடைந்த பல்லொன்று ஜன்னல் கண்ணாடியைத் தகர்த்து வெளியே கிடந்தது. ரோலர் ஓட்டும் முத்தையா அந்த ஜன்னலடியில்தான் நிற்பாராம். தண்ணீர் குடிக்கப் போனதால் தப்பினார்.

ஃபேக்டரியைப் பொறுப்பாய் நடத்தும் டீமேக்கர் கத்தினார்: "கொழுந்த இப்படித் திணிச்சா மெஷின் என்ன செய்யும்? நாளையிலருந்து இவனுக்கு மலைல மண்வெட்டிதான்!"

"நான் திணிக்கலங்க தம்பி," என்றார் முத்தையா என்னிடம். "பல்லு போனது மெஷினுக்கு, பேச்சு வாங்குறது நானு."

2. கறுத்த மூலை

பல்லைத் துடைத்துப் பார்த்தேன். பாரம் தாங்காமல் ஒரேயடியாக முறிந்தால் உடைவு முழுக்கப் பளபளக்கும். இதில் ஒரு மூலை எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. வெடிப்பு பழசு! மற்றப் பற்களும் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து மின்னின. ஷாஃப்ட் சரிந்து, பாரமெல்லாம் அந்த ஓரத்திலேயே விழுந்திருக்கிறது.

நானும், என்னோடு வந்த சீனியர் ஃபிட்டர் ரஷீதும் (அண்ணன் முறையில் எனக்கு 'நானா') ஷாஃப்ட்டைத் தாங்கும் பெயரிங் ஹவுசிங்கைத் தூக்கினோம். உயரம் சரிபண்ண ஷிம் என்கிற மெல்லிய எஃகுத் தகடு இருக்கவேண்டிய இடத்தில், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள். மடித்து வைத்தது, நசுங்கிப் பிதுங்கிக் கிடந்தது.

"யார் நானா இத வெச்சது?"

ரஷீது நானாவின் முகம் வெளுத்தது. "நான்தான்டா. ஷிம் முடிஞ்சிருந்திச்சு. இங்க ஈயத்தாள் குவிஞ்சி கிடக்கும். எல்லாரும் வெக்கிறதுதானே?"

பின்னால் டீமேக்கர் நின்றார். நானா திரும்பினார். "ஐயா, இந்த மனுசன மலைக்கு அனுப்ப வேணாம். பிழை எங்கட."

முத்தையா கேட்டார்: "அப்ப பக்கத்து ரோலரு? அதயும் நீங்கதானே அன்னிக்குப் பூட்டுனீங்க?"

அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலடியிலும் ஒருவர் நின்றார்.

முத்தையா பாய்ந்து சுவிட்சை இறக்கினார். மூடியைத் திறந்தோம். பல்லின் மூலையில் மயிரிழையாக ஒரு வெடிப்பு.

நானா டூல்பொக்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்... இந்த மலைல உள்ள ஃபேக்டரி பூரா இதத்தானே வெச்சிருக்கன்."

அன்றிலிருந்து எந்த கியர் உடைந்தாலும், ஓட்டியவரை விசாரிக்குமுன் அடியில் என்ன வைத்துப் பூட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு, அதே கை பூட்டிய மற்ற மெஷின்களை நிறுத்தச் சொல்வேன்.