சிமெண்டு பட்டினி கிடந்த பகல்

இன்று காலை பூனையின் பால் கிண்ணத்தை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன் என்று, நீங்கள் இருவரும் என்னோடு பேசாமலே பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார்கள். நான் என்ன செய்வேன்? பூனையை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். கிளினிக்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது. அந்த வாசனை வந்தால் எனக்கு ஐஸ் மீன் வாசனையும் கூடவே வந்துவிடும்.

தொண்ணூறுகளில், உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பு, புதுப்பட்டினத்தில் வாடகை அறையில் இருந்தேன். கல்பாக்கம் பக்கம் கட்டட வேலை. அங்கே மூட்டைகளுக்கு நடுவில் கிடைத்த நாய்க்குட்டிக்குச் சிமெண்டு என்று பெயர் வைத்தேன். நிறமும் அதேதான். பெயர் வைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரன்.

பக்கத்து வீட்டுச் செல்வராஜ் அண்ணன் கடலுக்குப் போகிறவர். அவர் பின்னாலேயே சிமெண்டும் கரைக்குப் போகும். ஒருநாள் காலை, சதுரங்கப்பட்டினம் கரையில் அவர் இரை கோத்து வைத்திருந்த தூண்டில் முள்ளை மீன் துண்டோடு விழுங்கிவிட்டது. அண்ணன் அதை என் வாசலுக்குத் தூக்கி வந்தபோது வாயோரம் நைலான் நூல் தொங்கியது. எச்சில் ஒழுகியது. அதற்குள் வைத்தியமும் பார்த்துவிட்டிருந்தார். நம் தொண்டையில் மீன் முள் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குவோமே, அதேதான்.

"இன்னாத்துக்குப் பயப்புடுற? சோறு தள்ளிகினு பூடும்பா" என்றார். அவர் முகம்தான் வெளிறிக் கிடந்தது.

பஸ்ஸில் ஏறினோம். "நாய்லாம் ஏத்த முடியாது, எறங்கு எறங்கு" என்றார் கண்டக்டர். கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வேன் ஒன்றில் திருக்கழுக்குன்றம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அப்போது நாய்க்கும் மாட்டாஸ்பத்திரிதான்.

"காலைல ஏதாவது சாப்டுச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

செல்வராஜ் அண்ணன் முந்திக்கொண்டார். "பட்டினியால்லாம் வுடல டாக்டரம்மா. நாலு உருண்ட சோறு, மேல ஒரு வாழப்பழம்."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வயிறு ரொம்பியிருக்கும்போது மயக்க ஊசி போட்டா வாந்தி எடுக்கும். அது மூச்சுக்குழாய்ல போயிட்டா நாய் பொழைக்காது. சாயந்தரம் பாக்கலாம். அதுவரைக்கும் ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. நூல இழுக்காதீங்க, வெட்டாதீங்க." அந்த நூலை வைத்துத்தான் தூண்டில் முள் இருக்கும் இடத்தைத் தேட வேண்டுமாம். நுனியைக் கழுத்துக் கயிற்றில் அவரே முடிந்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் காத்திருந்தோம். அங்கேதான் பாடு. சிமெண்டு வலியில் முனகியது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பசி என்றே எடுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பொறை ரொட்டி கொண்டு வந்தார். ஆட்டுக்கு ஊசி போட வந்தவர் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லி மறுத்தேன். மலைக்கோயிலிலிருந்து இறங்கிய ஓர் அம்மா தொன்னையில் பொங்கலோடு குனிந்தார்.

"சாமி பிரசாதம் தம்பி. வாணான்னு சொல்லுவியா?"

"நாய்க்கு ஆபரேஷன்மா."

"அப்ப நீ துன்னு."

தின்றேன். சிமெண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பொங்கல் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

மதியம் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தால் செல்வராஜ் அண்ணன் மடியில் சிமெண்டின் தலை. கையில் டீயில் நனைத்த பொறை.

"பாக்க முடியலப்பா. ஒரே ஒரு வாய்."

"அண்ணாத்த, அது உள்ள போச்சுன்னா இன்னிக்கு ஊசி கெடையாது. நாளிக்கு வரைக்கும் தாங்குமா?"

பொறையைக் காக்கைக்கு வீசிவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா மயக்க ஊசி போட்டார். கால்களை நான் பிடித்துக்கொண்டேன். செல்வராஜ் அண்ணன் கதவோரம் திரும்பி நின்று, "எட்த்தாச்சா? எட்த்தாச்சா?" என்று சுவரையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்தாச்சு. இன்னிக்குச் சோறு கெடையாது. நாளைக்குக் கஞ்சித் தண்ணி, அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா. "உருண்டை புடிக்கிற ஆளு கேட்டுக்கிட்டீங்களா?"

சிமெண்டு அதற்கப்புறம் பல வருஷம் இருந்து, கிழடாகித்தான் போனது. செல்வராஜ் அண்ணனும் இப்போது இல்லை. ஆகையால் பிள்ளைகளே, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று முதலில் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இங்கே கிளினிக்கில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவரவர் கைபேசியைப் பார்க்கிறார்கள். மூலையில் ஒரு நாய் வெகுநேரமாக முனகுகிறது. அதற்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எதையும் நீட்டவில்லை. நல்லதுதான். அதன் வயிறு காலியாக இருக்கும். அன்று வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. இன்று நான் அப்படிச் சொல்வதற்கு ஓர் ஆள்கூட என்னிடம் வரவில்லை.