சிவனாண்டியின் ஏழாவது காயில்

எங்கள் தெருவில் ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருக்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பழைய ஏஎம் ரேடியோவில் முள்ளை வலது கோடிக்குத் தள்ளினால், இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆள் இருமுவது கேட்கும். இருமி முடித்துவிட்டு, "வணக்கம், இது நம்ம ஊரு ஒலிபரப்பு" என்பான். அவன்தான் சிவனாண்டி. என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவர் என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

சிவனாண்டிக்கு நாற்பத்தாறு வயது. மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். வீட்டு முன்னறையே கடை. புகைந்துபோன போர் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன், எது வந்தாலும் கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பான். வாயே திறக்கமாட்டான். கடைக்கு வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பதற்கு மேல் அவன் பேசி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன் மைக் முன்னால் உட்கார்ந்தால் அரைமணி நேரம் விடாமல் பேசுவான். இன்றைக்கு எந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர், மிளகாய் வற்றல் என்ன நிலவரம், கரண்டு எப்போது போய் எப்போது வரும், யார் வீட்டு வெள்ளாடு காணவில்லை. ஆடு கிடைத்துவிட்டால் மறுநாள் அதையும் சொல்வான்.

இந்தக் கிறுக்கு அவனுக்கு எப்படிப் பிடித்தது என்றால், கோவில்பட்டிப் பழைய இரும்புக் கடையில் செம்புக் கம்பி தேடப் போன இடத்தில் ஒரு சாக்கு நிறைய உடைந்த ரேடியோக்களைப் பார்த்திருக்கிறான். தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒன்றைச் சரிசெய்து பார்த்தால், சாயங்காலத்தில் எங்கெங்கோ இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் அதில் பேசினார்களாம். அங்கிருந்து இங்கே வருகிறது என்றால் இங்கிருந்து ஏன் போகக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்தே ஓர் ஒலிபரப்புப் பெட்டி செய்துவிட்டான். டார்ச் லைட் பல்பு எரியும் அளவுக்குத்தான் அதற்குச் சக்தி. மொட்டைமாடியில் ஒரு மூங்கில் கம்பம், அதில் ஒரு கம்பி. பூமிக்குள் ஒரு கம்பி. மிச்ச ரேடியோக்களைச் சரிசெய்து, கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்தான். அனுமதி கினுமதி என்று என்னை ஒன்றும் கேட்காதீர்கள். ஊர் எல்லையைத் தாண்டாத சத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் ஆரம்பித்தான். நல்ல மழை பெய்து முடிந்த சமயம். அவன் மனைவி வள்ளிமயில், ஊருக்கு வெளியே முக்கால் கிலோமீட்டரில் இருக்கும் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் அவள் ரேடியோவைத் திருப்ப, புருஷன் குரல் கணீரென்று வந்திருக்கிறது. இருபத்தாறு பெண்களும் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்களாம். அன்று சாயங்காலம் வள்ளிமயில் தெருவில் நடந்துவந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தேர் அசைந்து வருவதுபோல வந்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பங்குனியில் நான் நடுவில் புகுந்தேன்.

நான் பேச்சிராஜா. மணியாச்சி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். முன்கோபி. என் வீட்டுக்காரி சொர்ணத்தாயைக் கேட்டால் இன்னும் நல்ல வார்த்தையாகச் சொல்வாள். வள்ளிமயில் பாத்திரம் விளக்குவதும் துணி அலசுவதும் என் சுவர் ஓரமாகத்தான். அந்தத் தண்ணீர் அங்கேயே நின்று, சுவர் ஓதம் ஏறி, என் பக்கம் பூச்சு பொரிப்பொரியாக உதிர ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பார்த்தேன், வந்தது ஆத்திரம்.

"ஏலே சிவனாண்டி! ஊரான் செவருன்னா அவ்வளவு எளக்காரமா? இனிமே ஒரு சொட்டுத் தண்ணி இந்தச் செவத்துப் பக்கம் விழுந்துச்சு, நடக்கிறதே வேற!"

அவன் வெளியே வந்தான். சுவரைப் பார்த்தான். "சரி அண்ணாச்சி, விழாது" என்றான். அன்றைக்கே துவைகல்லைப் பின்பக்கம் புரட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி, இரண்டு பக்கமும் நீல வெள்ளை அடித்தேன்.

சித்திரையில் ஸ்டேஷன் சத்தம் ஆபீஸ் வாசலில் தேய ஆரம்பித்தது. வைகாசியில் ஓடைப் பாலத்தைத் தாண்டவில்லை. ஆடியில் தண்ணீர்த் தொட்டியோடு நின்றுபோனது. சிவனாண்டி கம்பத்தை உயர்த்திப் பார்த்தான். ஒலிபரப்புப் பெட்டிக்குள் இருந்த காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினான். இரண்டாவது, மூன்றாவது என்று ஆறு காயில். ஒவ்வொன்றையும் சுற்றி முடித்ததும் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போவான். தொட்டியடியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவான்.

ஆபீசில் வள்ளிமயிலைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். சூப்பர்வைசர் கல்யாணசுந்தரி, "ஏட்டி, உன் வீட்டுக்காரரு ஸ்டேஷன மூடிட்டாரா, இல்ல தொண்டை கட்டிக்கிட்டா?" என்று தினமும் கேட்பாளாம். ஒருநாள் வள்ளிமயிலுக்குப் பொறுக்கவில்லை. "ஆயுத பூசையன்னைக்கு ஒங்க எல்லார் பேரையும் அவிய வாசிப்பாவ. இதே மரத்தடியில கேக்கும், பாருங்க!" என்று சபதம் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பூஜைக்கு முந்தின வாரம் சிவனாண்டி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, அபூர்வமாக என்னிடம் நாலு வார்த்தை பேசினான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எட்டலன்னா கம்பத்த எறக்கிருதேன்."

"ஏம்லே?"

"அவள நாலு பேரு முன்னால தலகுனிய வச்சிட்டு எனக்கு எதுக்கு ரேடியோ?"

எனக்கு என்னவோபோல் இருந்தது. உள்ளதைச் சொன்னால், வெளியில் காட்டிக்கொள்ளாமல் நானும் தினம் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டரைக்கு அவன் இருமினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆயுத பூஜை அன்று சொர்ணத்தாய் ஓட்டப்பிடாரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். நானே சைக்கிளைக் கழுவினேன், அரிவாள்மனைக்குச் சந்தனம் வைத்தேன். ரிடையர் ஆனபோது ரயில்வேயிலிருந்து என்னோடு வந்துவிட்ட ஒரு பெரிய ஸ்பேனர் உண்டு. எப்படி வந்தது என்றெல்லாம் கேட்காதீர்கள், வந்துவிட்டது. அதற்கும் பொட்டு வைத்து, காயட்டும் என்று சுவர்மேல் வைத்தேன். கை தட்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது.

எட்டிப் பார்த்தேன். ஸ்பேனர் தரையில் கிடக்கவில்லை. வெடிப்புக்குள் பாதி இறங்கி நட்டமாக நின்றுகொண்டிருந்தது. அத்தனை அகலமான வெடிப்பு. கரிசல் மண் காய்ந்தால் அப்படித்தான் பிளந்துகொள்ளும். சுற்றிக்கொண்டு போய் ஸ்பேனரை உருவினேன். பக்கத்திலேயே ஓர் இரும்புக் குழாய் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதன் தலையில் ஒரு செம்புக் கம்பி கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே போனது. குழாயைச் சுற்றி மண் விலகிப்போய், என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. ஆட்டினேன். ஆடியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எர்த்துக் குழாய்! பூமிக் கம்பி ஈரத்தில் இருந்தால்தான் எந்த மின்சாமானும் ஒழுங்காக வேலை செய்யும். மணியாச்சியில் கோடை பிறந்தால் சிக்னல் பெட்டிக்குப் பெட்டி எர்த்துக் குழியில் உப்புப் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் என் வேலையே. முப்பது வருஷம் ஊற்றியிருக்கிறேன். வள்ளிமயில் பாத்திரம் விளக்கிய தண்ணீர் இதன் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியது யார்? நான். தொண்டை கிழியக் கத்தி நிறுத்தியது நான். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மணி பதினொன்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவனாண்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து ஏழாவது காயிலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கவனிக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் ஓடினேன். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர், டிரம்மில் பாதிதான் இருந்தது. கல் உப்பு இரண்டு பிடி அள்ளிக் குழாயடியில் போட்டு, குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். மூன்று குடம் வரைக்கும் மண் 'களக் களக்' என்று விழுங்கியதே தவிர ஈரம் தெரியவில்லை. ஆறாவது குடத்தில் வெடிப்பு மூடத் தொடங்கியது. ஒன்பதாவது குடத்தில் டிரம்மின் அடி தெரிந்தது. என் நீலச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. போகட்டும் சனியன் என்று சைக்கிளை எடுத்தேன்.

ஆபீஸ் வாசலில் வாழைமரம் கட்டி, தோரணம் போட்டிருந்தார்கள். பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கல்யாணசுந்தரி நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, வள்ளிமயில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, இங்கன வாரீய? அவியளுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"சும்மா வந்தேம்மா. நீ ரேடியோவத் திருப்பு."

திருப்பினாள். இரைச்சல். வெறும் இரைச்சல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஓர் இருமல்.

"வணக்கம், இது நம்ம ஊரு ஒலிபரப்பு."

கணீரென்று வந்தது. அவன் எல்லாருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பேர் வாசிக்கத் தொடங்கினான். தன் பேர் வந்ததும் கல்யாணசுந்தரி, "ஏயம்மா!" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். சுந்தரேஸ்வரி, செல்வமாரி, விஜி என்று ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூச்சல். இருபத்தைந்து பேர் முடிந்தது. கொஞ்சம் நிறுத்தினான். மறுபடி இருமினான். "வள்ளிமயில்" என்றான். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டான்.

அந்த மரத்தடியில் எழுந்த சிரிப்பும் குலவையும்! வள்ளிமயில் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னும் இல்ல" என்று அதற்குப் பதில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வந்ததைச் சொல்வதில் என்ன வெட்கம்?

வீட்டுக்குத் திரும்பியபோது சிவனாண்டி சுவர் ஓரத்தில் ஈரத்தைப் பார்த்தபடி நின்றான். நான் குற்றவாளி மாதிரி சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"ஆபீஸ் வரைக்கும் கணீர்னு கேட்டுதுலே. ஒன் காயில் ஜெயிச்சிட்டு."

"காயில்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எர்த்துதான். பங்குனியிலேயே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? பெறகு ஏம்லே ஊத்தல? கொழாயப் பின்னால நட்டுருக்கலாம்லா?"

"பின்னால ரெண்டடிக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை. இங்கனதான் எறங்கும். நீங்க ஒரு சொட்டு விழக்கூடாதுன்னீய. நான் சரின்னுட்டேன்லா. அதான் காயில மாத்தியாவது ஒப்பேத்திரலாம்னு பாத்தேன்."

ஆறு மாதம். ஏழு காயில். நான் கோபத்தில் கத்திய ஒரு பேச்சுக்கு அவன் கொடுத்த ஒரு 'சரி'க்காக.

"வள்ளிமயிலுக்குத் தெரியுமாலே?"

"சொல்லல. சொன்னா ஒங்ககிட்ட சண்டைக்கு வந்துருப்பா" என்றான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துவைகல்லை அன்று சாயங்காலமே நானும் அவனும் புரட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். வள்ளிமயில் இப்போது அங்கேதான் பாத்திரம் விளக்குகிறாள். அது போதாதென்று காலையில் நானும் இரண்டு குடம் ஊற்றுகிறேன். சொர்ணத்தாய் வந்து சுவரைப் பார்த்துவிட்டு ஏசினாள். ஏசட்டும்.

நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்துக்கொண்டு ரேடியோவைக் கேட்டேன். குழாய்த் தண்ணீர் விவரம் சொன்னான். கரண்டு விவரம் சொன்னான். பிறகு ஓர் அறிவிப்பு. "பேச்சிராஜா அண்ணாச்சி வீட்டுச் செவத்துல பூச்சு உதிர்ந்திருக்கு. நல்ல கொத்தனார் இருந்தா வந்து பாக்கவும். கூலி நிலையத்தார் பொறுப்பு."

எனக்கு வந்ததே கோபம்! எச்சில் கையோடு எழுந்துபோய் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏலே, ஒன்ட்ட கேட்டனா? செவரு எனக்குல்லா சொந்தம்! அது நனையட்டும்லே!" என்று கத்தினேன்.

அவன் ஜன்னல் திறந்திருந்தது, மைக்கும் திறந்திருந்தது. ஆபீஸ் வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்டதாம். சாயங்காலம் வள்ளிமயில் வந்து சொன்னாள்.