சின்னத்தங்கம் கழுவிய தூண்

சின்னத்தங்கத்தைப் பற்றிக் கதிரவெளியில் குறை சொல்வதானால் ஒன்றுதான் சொல்லலாம்: அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இராது. கடற்கரை அம்பாள் கோயிலில் பழங்காலத்துக் கல்தூண்கள் நாலு உண்டு. எந்த அரசன் நட்டதோ, யாருக்குத் தெரியும்? வருசச் சடங்கு வருகிறதென்றால் சாம்பலும் தேங்காய்ப் பொச்சுமட்டையுமாய்ப் போய், அவற்றில் படர்ந்த கறுப்பை உரஞ்சித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கியபோது, அவள் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக வாழைச்சேனையில் தங்கி நின்றாள். பாதை அடைபட்டுப் போயிற்று. கதிரவெளி முழுக்கக் காட்டுக்குள் ஓடியது என்றார்கள். புருசன் வினாயகமூர்த்தி எந்தப் பக்கம் போனார், உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒரு சீவன் அகப்படவில்லை. முகாம் முகாமாக அலைந்தாள். ஒன்றரை வருசத்துக்கு மேல் அந்த ஒரு கேள்வியோடுதான் சோறு தின்றாள், அதோடுதான் படுத்தாள்.

ஊருக்குப் போக ஆமி விட்டதும் முதல் ஆளாய்ப் போனாள். ஓலை வீடு இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. நேரே கோயிலுக்கு நடந்தாள். இரண்டு மாரி மழையில் தூண்கள் கன்னங்கரேலென்று நின்றன. அம்பாளின் இடமாவது துப்புரவாய் இருந்தால் அவள் அவரைக் கொண்டுவந்து தரமாட்டாளா என்று, நாள் முழுக்க உரஞ்சினாள். கை தோலுரிந்து போயிற்று. நாலு தூணும் வெளுத்து வந்தன.

மறுகிழமை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நல்லரத்தினம் மாஸ்டர் திரும்பி வந்தார். அவளைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"வினாயகமூர்த்தி எழுதினதப் பாத்தியா புள்ள? நாங்க ஓடக்குள்ள, கோயில் தூணில கரிக்கட்டையால உனக்கெண்டு எழுதிக்கொண்டு நிண்டான். ஆரும் வாசிச்சுக் காட்டுவாங்க எண்டான்."

"என்ன எழுதின மாஸ்டர்?"

"ஷெல் விழுகுது. நான் நிண்டு பாக்கல்ல. பிறகு ஆளையும் காணல்ல."

சின்னத்தங்கத்துக்கு எழுத்துத் தெரியாது. கரியும் கறுப்பு, பூஞ்சணமும் கறுப்பு. பாவி மனுசி, எதைத் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தலையிலடித்து அழுதவளைப் பார்க்கப் பொறுக்காமல் மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தக் கறுப்பு பங்கசு புள்ள, பூஞ்சணம். கல்லுக்குள்ள இறங்கி இரிக்கும். எவ்வளவு உரஞ்சினாலும் மறுகா வரும்."

அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். கறுப்பு வருமென்றால் எழுத்தும் வரும். அந்த வருசச் சடங்குக்குத் தூணில் ஒருவரையும் கைவைக்க விடவில்லை. கோயில்காரர் ஏசினார்கள், அசையவில்லை. அடுத்த மாரி பெய்து ஓய்ந்தபோது தூண்கள் திட்டுத் திட்டாய்க் கறுத்திருந்தன. ஒரு காலையில் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"வாசியுங்க மாஸ்டர்."

மாஸ்டர் நாலு தூணையும் சுற்றிப் பார்த்தார். பூஞ்சணத்தைத் தவிர வேறொன்றுமில்லை. இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு தூணில் விரலை ஓட்டி வாசித்தார்:

"சின்னத்தங்கம், நான் சுகமா இரிக்கன். வருவன். நீ ஊரிலயே இரி."

அவள் முகத்தில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

"என்ட பேர் எதில கிடக்கு? காட்டுங்க."

மாஸ்டர் ஒரு கறையில் விரலை வைத்தார். அவள் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வருவன் எண்டது?"

அதையும் காட்டினார்.

"என்ட பேர இன்னொருக்காக் காட்டுங்க."

மாஸ்டரின் விரல் தடுமாறி, ஒரு சாண் தள்ளி வேறொரு கறையில் போய் நின்றது.

சின்னத்தங்கம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவ்வளவும் காணும் மாஸ்டர்," என்றாள். "வெயில் ஏறுது. நீங்க போங்க."