கஸ்தூரி பிடித்த 65295

65295. மலேசியாவின் பாசிர் கூடாங்கில், ஆலைகளுக்குள் நுழைய அனுமதி அட்டை கொடுக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ் அலுவலகத்தில், கஸ்தூரியின் கணினித் திரைக்குக் கீழே இந்த எண் ஒட்டப்பட்டிருக்கிறது. யாருடைய போன் நம்பர் என்று கேட்பவர்களிடம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஒரு கோட்டோட ஐ.சி. நம்பர்." ஐ.சி. என்றால் இங்கே அடையாள அட்டை.

கஸ்தூரிக்கு வயது நாற்பத்தாறு. ரெங்கம் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டிய வீரமுத்துவின் மூன்றாவது மகள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்கு வந்தவர், பத்து வருடம் நின்றே வேலை பார்த்தார். அதன் பிறகுதான் நாற்காலியும் கணினியும் கிடைத்தன. தம்போயில் உள்ள வீட்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் ஏறுகிறார்.

ஆலைகளை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு செய்யும் வாரங்களை இங்கே எல்லாரும் ஷட்டவுன் என்பார்கள். அப்போது நூற்றுக்கணக்கான ஆட்கள் உள்ளே போகவேண்டும். சின்னச் சின்ன குத்தகைக்காரர்கள் அனுப்பும் பெயர்களைத் தொகுத்து, கோலாலம்பூர் தலைமையகத்தின் கேட் மென்பொருளில் ஏற்றுவது கஸ்தூரியின் பொறுப்பு. அந்தப் பட்டியலில் இல்லாதவருக்குக் கேட் திறக்காது. அன்றைய நாள் போனது போனதுதான்.

2020இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டில் அடைந்து கிடந்தபோது, ஆயிரம் பெயர்களில் தவறானதைக் கண்ணால் தேடாமல் கணினியையே தேடவைக்க முடியுமா என்று இணையத்தில் துழாவினார். ரெகெக்ஸ் என்ற ஒன்று கண்ணில் பட்டது. 'இப்படிப்பட்ட எழுத்து, அதற்குப் பின் இப்படிப்பட்டது' என்று ஒரு மாதிரியை எழுதிக் கொடுத்தால், அதற்குப் பொருந்துவதையெல்லாம் கணினி பொறுக்கிக் கொடுக்கும். வளைவும் நெளிவுமாக அம்மா எழுதியதை எட்டிப் பார்த்த மகள் லோஷினி, பூச்சி மருந்து அடிக்கலாமா என்று கேட்டாள். கஸ்தூரி விடவில்லை. இரண்டு மாதத்தில் பூச்சிகள் அவர் சொல்பேச்சு கேட்டன.

2025 மே 23, வெள்ளிக்கிழமை. தொழுகை இடைவேளை முடிந்து அலுவலகம் மறுபடி நிரம்பியபோது மணி மூன்று. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஷட்டவுன் தொடக்கம். பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். ஸ்கூடாயிலிருந்து ஒரு குத்தகைக்காரர் அனுப்பிய 212 பெயர்களை கஸ்தூரி ஏற்றினார். 149 பச்சை. 63 சிவப்பு.

சிவப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். அறுபத்து மூன்றும் தமிழ்ப் பெயர்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் வரிசையாகப் பச்சையில் போயிருந்தார்கள். பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் A/L இருந்த ஒருவர்கூடத் தேறவில்லை.

சாரம் கட்டும் குழுவின் தலைவர் காளியப்பனுக்குச் சேதி எப்படியோ எட்டிவிட்டது. அவரும் அந்த அறுபத்து மூன்றில் ஒருவர். நேராக வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"என்னாம்மா, எங்கப்பாவ கம்ப்யூட்டருக்குப் புடிக்கலையா?"

"உங்கப்பாவ மட்டும் இல்லண்ணே. அறுவத்து மூணு அப்பா."

தலைமையகத்தில் மென்பொருளைக் கவனிக்கும் கார்த்திகேயனை கஸ்தூரி போனில் பிடித்தார். கெட்டிக்கார இளைஞர்தான். ஆனால் அன்று அவருக்குப் பத்து இடத்திலிருந்து அழைப்பு.

"அக்கா, அந்த A/Lஐ எடுத்துட்டு ஏத்துங்க லா. ரெண்டு நிமிஷ வேலை."

"ஐ.சி.ல உள்ள பேருதான் பாஸ்ல இருக்கணும் சார். கேட்ல கார்டு ஒத்துப்பாத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

கஸ்தூரி போனை வைத்தார். அவருடைய ஐ.சி.யில் A/P என்றுதான் இருக்கிறது, வீரமுத்துவின் மகள் என்று. அதை எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் எடுப்பாரா? எதிரே நின்ற காளியப்பனுக்கும் அதே நினைப்பு ஓடியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கஸ்தூரி தானே தட்டெழுதிய பழைய பட்டியல்களில் A/L ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அப்படியானால் குற்றம் பெயரில் இல்லை, இந்தப் பட்டியலில்தான் என்று தீர்மானித்தார். கோப்பைத் திறந்து சாய்கோட்டைத் தேடச் சொன்னார். ஒன்றுகூட இல்லை என்றது கணினி. கண்ணுக்கு முன்னால் அறுபத்து மூன்று சாய்கோடுகள் நிற்கின்றன, ஒன்றும் இல்லையாம்.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டின் இரு பக்கமும் நூல் அளவு இடம் அதிகமாக இருந்தது. கணினிக்கு எழுத்தின் உருவம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும் என்று அவர் படித்திருந்தார். எழுத்தைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் பக்கம் ஒன்றில் அந்தக் கோட்டை ஒட்டினார். சாதாரண சாய்கோட்டின் எண் 47. இதன் எண் 65295.

ஸ்கூடாய்க்குப் போன் போட்டார். பட்டியல் அடித்த சியூ லிங், ஒரு பக்கம் சீனத்தில் சாட், மறுபக்கம் பெயர்ப் பட்டியல் என்று இரண்டையும் ஓட்டியிருக்கிறார். கீபோர்டு சீனத்திலேயே இருந்துவிட்டது. சீன எழுத்தின் அகலத்துக்கு ஏற்ற சாய்கோடு வேறு, அதன் எண்ணும் வேறு. மற்ற பெயர்களில் கோடே கிடையாது, தப்பித்துவிட்டன. அலமாக் என்று தலையில் கை வைத்த சியூ லிங், திரும்ப அடிக்க மூன்று மணி நேரம் ஆகும் என்றார். மணி நாலே கால்.

கஸ்தூரி தானே திருத்தினார். இரண்டு கோட்டையும் அருகருகே எழுதினால் எது எது என்று நாளைக்குத் தனக்கே குழம்பும். அதனால் கோட்டை எழுதாமல் எண்ணை எழுதினார். 65295ஐக் கணினி வழக்கப்படி பதினாறின் கணக்கில் எழுதினால் FF0F. \uFF0F எங்கே இருந்தாலும் அங்கே \x2F, அதாவது பழைய 47ஐ வை. ஒரே தட்டு. மறுபடி ஏற்றினார்.

61 பச்சை. இரண்டு சிவப்பு. ஒன்று தங்கராஜு. இன்னொன்று, எதிரே உட்கார்ந்திருந்த காளியப்பன்.

"நான் போலனா பரவால்ல, பசங்க போவட்டும்," என்றார் காளியப்பன். தலைவன் இல்லாமல் சாரம் கட்ட ஒருவரையும் விடமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

மணி 4.40. தனக்குத் தெரிந்த திருடனை மட்டுமே இத்தனை நேரம் தேடியிருக்கிறோம் என்பது கஸ்தூரிக்கு அப்போதுதான் உறைத்தது. கீபோர்டில் நாம் அடிக்கும் ஆங்கில எழுத்தும் குறியும் 32க்கும் 126க்கும் நடுவே அடங்கிவிடும். அந்த எல்லைக்கு வெளியே எந்த எண் இருந்தாலும் காட்டு என்று ஒரே வரி எழுதினார்: [^\x20-\x7E].

இரண்டு இடத்தில் மஞ்சள் விழுந்தது. இரண்டும் வெற்றிடங்கள். பெயர் முடிந்து A/L தொடங்கும் முன்னே வரும் இடைவெளி. சாதாரண இடைவெளி 32. இது 160. இணையப் பக்கத்திலிருந்து பெயரை அப்படியே எடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிடுவது. எத்தனை பெரிதாக்கினாலும் கண்ணுக்கு அகப்படாது.

இரண்டையும் 32 ஆக்கி மறுபடி ஏற்றினார். 4.51க்கு 212ம் பச்சை. எல்லா A/Lஉம் இருந்த இடத்தில் இருந்தன.

அந்த ஒரு வரியை கார்த்திகேயனுக்கும் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் கஸ்தூரி.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியவர் அலுவலகத்துக்குப் போகாமல் கேட்டுக்குப் போனார். அறுபத்து மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கார்டைத் தட்டி உள்ளே நுழைந்தார்கள். காளியப்பன் கடைசி. பச்சை விளக்கு எரிந்து, திரையில் முழுப் பெயரும் வந்தது. அதைக் காட்டிச் சொன்னார்:

"பாத்தியாம்மா, எங்கப்பாவும் வேலைக்கு வந்துட்டாரு."

கஸ்தூரி அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தார். லோஷினியிடம் சொன்னபோது, பூச்சி மருந்து வாங்காதது நல்லதாய்ப் போயிற்று என்றாள்.

அடுத்த ஷட்டவுன் ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. மொத்தம் 1,140 பெயர்கள். கார்த்திகேயன் கேட்டுக்கொண்டபடி, தலைமையகம் பட்டியலைத் தொடுமுன், அந்த ஒரு வரியால் சோதிக்க அது முதலில் கஸ்தூரியின் மேசைக்கு வரும்.