கன்னையா வீட்டுப் புகைக்குழாய்

பாகாலா ஜங்ஷனில் பயர்மேன் வேலை பார்த்த கன்னையாவுக்கு ஒரே ஒரு கர்வம் இருந்தது. அவர் கரி போடுகிற எஞ்சினில் நெருப்பு அடம் பிடிக்காது. மற்றவர்கள் மாங்கு மாங்கென்று கரியை வாரிக் கொட்டிவிட்டுப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். கன்னையா அளவாகப் போடுவார், கீழே சாம்பல் கதவைத் திறந்து காற்று விடுவார், புகை சமர்த்தாக மேலே போய்விடும். தர்மாவரம் லைன் டிரைவர்கள் அவரைத்தான் கேட்டு வாங்குவார்கள். இதை அவர் தன் வாயால் சொல்லமாட்டார். வேறு யாராவது சொன்னால் காதில் விழாதவர் மாதிரி இருந்து, இன்னொரு தடவை சொல்ல வைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டில் புகை போக வழி கிடையாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? லைனுக்குப் பின்னால் அவர் அப்பா கட்டிய ஓட்டு வீடு அது. ஒரு கூடம், ஒரு சமையலறை. சமையலறைக்கு ஜன்னல் இல்லை. ஓட்டு இடுக்கில் கசிந்து போகிற புகை போகும், போகாதது உள்ளேயே குடியிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பெண்டாட்டி செங்கம்மா அதற்குள் குனிந்து ஊதி ஊதித்தான் சோறாக்கினாள். கன்னையா டூட்டி முடிந்து வந்து, கரி போகக் குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவள் இருமுவதை ஷண்டிங் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டுப் பழகிப்போயிருந்தார். பழகிப்போனதுதான் அவர் செய்த தப்பு. கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் அந்த இருமல் இழுப்பாக மாறியது. மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே விட முடியாமல் செங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே மகளைச் சித்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள்தான் வந்து அங்கே பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகையில் இன்னொரு வருஷம் சமைத்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று கூடப் போயிருந்த கன்னையாவைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். கன்னையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

செங்கம்மாவின் தம்பி துலுக்காணம் செய்தி கேட்டுத் திருத்தணிப் பக்கத்து ஊரிலிருந்து ஓடி வந்தான். அக்காவின் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்று சொன்னான்.

“கோச்சிக்காத மாமா. புகை போற மாதிரி வூட்ட மாத்து. மாத்தனப்புறம் சொல்லி அனுப்பு. அது வரைக்கும் அக்கா எங்கூட இருக்கட்டும்.”

வண்டி நகரும்போது செங்கம்மா ஜன்னல் வழியாக, “ராவுல வெறும் வயித்தோட படுக்காத. எதனா துன்னுட்டு படு” என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவள் போன பிறகு வீட்டில் புகையே இல்லை. ரயில்வே கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால் காற்று சுத்தமாக வரும். அந்தக் காற்றை அவருக்குப் பிடிக்கவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருத்தணிக்குப் போனார். போகும்போது இருமலுக்கு ஆடாதொடை இலை பறித்துக்கொண்டு போவார். அங்கே செங்கம்மா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அடுப்பு இருக்கிற பக்கமே அவளை விடுவதில்லை. தம்பி பெண்டாட்டி தட்டில் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. முகம்தான் நன்றாக இல்லை.

அந்த வருஷம் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம், பாகாலா ஆந்திரா பக்கம் என்று முடிவாகி, ஏப்ரல் முதல் தேதி நாள் குறித்திருந்தார்கள். எஞ்சின் ஷெட்டில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? “கன்னையா, சீக்கிரம் கூட்டிக்கினு வந்துடு. அப்பால பொண்டாட்டி வேற ராஜ்யத்துக்குப் போயிடுவா, உன் பாஸு செல்லாது” என்றார்கள். பாஸ் எல்லாம் செல்லும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏப்ரலுக்குள் அவள் வந்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

ரங்கையா மேஸ்திரியை வைத்து வேலையை ஆரம்பித்தார். மேஸ்திரிக்குச் சுவர் கட்டத் தெரியும், புகை விவகாரம் கன்னையாவின் யோசனை. அடுப்புக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு தகரக் கூம்பு. அதிலிருந்து தகரக் குழாய் சுவரோரமாக ஏறிக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். மழை இறங்காமல் மேலே ஒரு தொப்பி. அடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டிச் சுவரில் ஒரு ஓட்டை.

“மேல ஓட்டை சரி. கீழ எதுக்கய்யா? பாம்பு வரவா?” என்று கேட்டார் ரங்கையா.

“கீழ காத்து வந்தாத்தான் மேல புகை போவும். எஞ்சின்ல சாம்பல் கதவு இன்னாத்துக்கு வச்சிருக்கான்? ஒரு வலை அடிச்சிடு, பாம்பு வராது.”

குழாய் ஏறிய பிறகுதான் பழைய சுவரை இடித்து ஜன்னல் வைக்கிற வேலையும், ஓட்டைப் பிரித்து மாற்றுகிற வேலையும் இருந்தது. இடிக்கிற தூசும் காரையும் குழாய்க்குள் விழுந்தால் வளைகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் கன்னையா இரண்டு வழியையும் மூடினார். கீழ் ஓட்டையில் பழைய வேட்டியைத் திணித்தார். மேலே ஏறி, தொப்பியைக் கழற்றி, கோணிச்சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் இறக்கித் தொப்பியை மறுபடி மாட்டினார். கெட்டிக்காரத்தனமான காரியம்தான். கடைசி வரிசை ஓடு போட்டதும் எடுத்துவிடச் சொல்லி மேஸ்திரியிடம் சொன்னதாக அவருக்கு ஞாபகம். அவரே எடுத்துக்கொள்வார் என்று மேஸ்திரிக்கு ஞாபகம். கடைசி ஓடு போட்ட அன்று கன்னையா மதனப்பள்ளிப் பக்கம் எங்கேயோ கரி போட்டுக்கொண்டிருந்தார்.

கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ரங்கையா ஒரு நல்ல வார்த்தை சொன்னார். “ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திப் பாரய்யா. புகை போகுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

“சேச்சே. புது அடுப்பு. வூட்டுக்காரி வந்து பால் வைக்கறதுக்கு முன்ன நான் நெருப்பு காட்டறதா? அவதான் பத்த வைக்கணும்” என்றார் கன்னையா.

வருஷக்கணக்காக, சோதித்துப் பார்க்காமல் ஒரு எஞ்சினைக்கூட ஷெட்டை விட்டு வெளியே விடாதவர் அவர். முறை என்று வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

மாசியில் நல்ல நாள் பார்த்து, துலுக்காணம் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். செங்கம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புது ஜன்னலைத் திறந்து திறந்து மூடினாள். தகரக் குழாயைத் தொட்டுப் பார்த்து, “இம்மாம் பெருசா?” என்றாள். கன்னையா காது கேட்காத மாதிரி நின்றார். அவள் புரிந்துகொண்டு இன்னொரு தடவை சொன்னாள்.

துலுக்காணம் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனான். செங்கம்மா புதுப் பானையில் பாலை ஊற்றி, நெற்றியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். சாமி மாடத்து விளக்கு அணையக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள். கன்னையா உள்ளே நிற்கவில்லை. கூரைக்கு மேலே முதல் புகை வருவதைப் பார்க்க வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசை. தெருவுக்கு ஓடிப்போய்க் கழுத்தை அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புகை வரவில்லை. இன்னும் பற்றவைக்கவில்லை போலிருக்கிறது, சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார். எதிர்வீட்டுக்காரர் போகிற போக்கில், “இன்னா கன்னையா, காக்கா புடிக்கிறியா?” என்று கேட்டார். கன்னையா சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் நில்லு, நீயே பாப்ப” என்று அவரையும் பிடித்து நிறுத்தினார்.

அப்போதுதான் உள்ளே பானை உருளும் சத்தம் கேட்டது.

கன்னையா ஓடினார். சமையலறை முழுக்கப் புகை. அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. குனிந்து தடவி, தோளைப் பிடித்துத் தூக்கி, கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் உட்காரவைத்தார். ஊதுகுழல் இன்னும் அவள் கையில் இருந்தது. நெஞ்சு விசில் மாதிரி கீச்சென்று சத்தம் போட்டது. கண்கள் அவரையே பார்த்தன, வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. குடத்தோடு வந்த துலுக்காணம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதுகை நீவினான்.

அந்த நிமிஷம்தான் கன்னையாவுக்குக் கோணிச்சாக்கு ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்து ஏறினார். புது ஓடு காலடியில் படபடவென்று உடைந்தது. தொப்பியைப் பிடுங்கி எறிந்து, சாக்கை உருவி இழுத்தார். அடைபட்டிருந்த புகை முகத்தில் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்து, “வருது, வருது!” என்று கத்தினார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

வெந்நீரும் கஷாயமும் கொடுத்து, வெயில் ஏறிய பிறகு செங்கம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. துலுக்காணம் மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று கன்னையாவுக்கு இருந்தது. அவன் மெதுவாக, “அக்கா, சாயங்காலம் வண்டி கீது. போலாமா?” என்று மட்டும் கேட்டான்.

கன்னையா எழுந்து உள்ளே போனார். ட்ரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கரி, அதில் கண்ணீர் இறங்கிய கோடு.

“கூட்டிக்கினு போடா. நல்லா பாத்துக்கோ. நான் ஊருக்கெல்லாம் நெருப்பு போட்டேன். உங்கக்காவுக்கு ஒரு அடுப்பு போடத் தெரில. என் கையாலயே கொன்னுட்டிருப்பேன்.”

செங்கம்மா கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச்சு வந்தது.

“கீழ வையி... கீழ வையி பொட்டிய. புகை வந்ததுமே எழுந்து வந்திருக்கலாம்... நான்தான் வர்ல. இப்ப போயிடும், இப்ப போயிடும்னு ஊதிக்கினே இருந்தேன். நீ கட்டனதாச்சே, போவாம எங்க போவும்னு...”

கன்னையா பெட்டியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். துலுக்காணம் திரும்பிக்கொண்டான்.

“அங்க நாலு மாசம் விருந்தாளியா குந்திக்கினு இருந்தேன்யா. மூச்சு வந்துச்சு, இன்னா பண்ண சொல்ற? ஒரு தம்ளர் தண்ணி எடுக்க உள்ள போனா, ‘நீ குந்து அண்ணி’ன்னு தம்பி பொண்டாட்டி சொல்லுவா. நல்ல பொண்ணுதான்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “தம்பி, நீ சாயங்கால வண்டிக்குப் போ. நான் வர்ல. அது வேற ராஜ்யம்.”

பிறகு கன்னையாவின் பக்கம் திரும்பினாள். “எழுந்திரு. மொறையாவது ஒன்னாவது. இனிமே தினம் நீ பத்த வையி. புகை ஒழுங்கா மேல போவுதான்னு பாத்துட்டு என்னக் கூப்புடு. நான் அப்பால வரேன்.”

“நானா? தெருவுல சிரிப்பாங்கமே.”

“சிரிக்கட்டும்.”

செங்கம்மா சமையலறை வாசலுக்கு வெளியே, காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கன்னையா ஜன்னலை அகலத் திறந்தார். கீழ் ஓட்டையில் திணித்திருந்த வேட்டியையும் பிடுங்கி எறிந்தார். அடுப்பின் முன்னால் குந்தினார். பெரிய பெரிய பாய்லரையெல்லாம் கொதிக்க வைத்த கைக்கு ஒரு தீக்குச்சி அடங்கவில்லை. ஒரு குச்சி ஒடிந்தது. இன்னொன்று அணைந்தது. அடுத்தது பற்றியதும் அதை விறகில் வைக்க மறந்து, குழாயையே அண்ணாந்து பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் தோள் குலுங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

கன்னையா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் முதுகில் கை வைத்தார். “இன்னாமே, இன்னா ஆச்சி? மறுபடியுமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

“பயப்படாத. இது சிரிப்புதான். போ, போயி பத்த வையி.”